பாஸ்வேர்டு கேட்காத டிவி

மாமனார் என்னை ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் போதும், அந்தச் சாக்கில் பெங்களூருக்குத் தப்பிப் போயிருப்பேன். அந்த மனுஷன் திட்டவே மாட்டார். போனில் மில் ஃபிட்டரைத் திட்டுவார், பஞ்சு லோடு கொண்டுவரும் டிரைவரைத் திட்டுவார், டிவியில் செய்தி வாசிக்கிறவரைக்கூட விடமாட்டார். என்னைக் கண்டால் மட்டும் எழுந்து நின்று, "வாங்க மாப்ள, உக்காருங்க" என்பார். நான் பல் விளக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாலும் இதே வரவேற்புதான். மாதக்கணக்கில் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறவனுக்கு எதற்கு இந்த மரியாதை? கேட்க முடியுமா? கேட்டால் அதற்கும் ஒரு "ங்க" போட்டுப் பதில் வரும்.

வீடு கோபிசெட்டிபாளையத்தைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டிய தோட்டத்தில் இருந்தது. வண்டியில் பத்து நிமிஷம் போனால் மாமனாரின் நூல் மில். அவருக்கு ஒரே மகள், அவளைத்தான் நான் கட்டியிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, வாடகை வீடு என்று எங்கள் பாட்டுக்கு இருந்தோம். மாமனாருக்குக் கோயமுத்தூரில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. "கொஞ்ச நாளைக்கு அப்பா பக்கத்துல இருக்கலாமுங்க" என்றாள் மனைவி. இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி இருந்ததால் துணிமணிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். அவர் தேறி, காலையில் வாய்க்கால் வரை நடந்து போய்வர ஆரம்பித்த பிறகும் நாங்கள் கிளம்பவில்லை.

அப்போதுதான் என் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து எல்லாரும் நேரில் வந்தாக வேண்டும், வராதவர்களுக்கு வேலை இல்லை. மனைவியின் கம்பெனி எங்கே உட்கார்ந்து செய்தாலும் சரி என்று சொல்லிவிட்டது. என்னுடையது அப்படி இல்லை. உண்மையைச் சொன்னால் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. கிளம்ப ஒரு நியாயமான காரணம் கிடைத்ததே! மனைவியிடம் காட்டினேன்.

"போலாமுங்க" என்றாள். "அப்பாவுக்கு அந்த மில் டிவியை மட்டும் முடிச்சுக் குடுத்துப்போட்டுப் போலாம். நான் சொல்லிக்கறேன் அப்பாகிட்ட."

அந்த மில் டிவி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சுத் தூசி ஆகாது என்று டாக்டர் மாமனாரை மில்லுக்குள் போகக் கூடாது என்றிருந்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர், "ஏனுங்க மாப்ள, மில்லுல எந்த மெஷின் ஓடுது, எது நிக்குதுன்னு இங்கிருந்தே தெரிஞ்சா நல்லா இருக்குமுங்க" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அந்த வீட்டில் என் சாப்பாட்டுத் தட்டை நானே எடுக்க விடமாட்டார்கள். கார் டயருக்குக் காற்றடிக்கக்கூட வேறு ஆள் போவார். முதல்முறையாக என்னை நம்பி ஒரு வேலை சொல்கிறார்கள் என்று துள்ளிக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

மெஷின் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினோம். மில் ஆபீஸில் ஒரு சர்வரை வைத்தேன். அந்தப் பெட்டிகள் சொல்வதையெல்லாம் வாங்கிக் கட்டம் கட்டமாகக் காட்டும் புரோகிராம் அதில் ஓடியது. ஓடுகிற மெஷின் பச்சை, நிற்கிற மெஷின் சிவப்பு. வீட்டு ஹாலில் இருந்த பெரிய டிவியில் அது தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார், செய்தேன். மில்லுக்குள் காற்றில் ஈரம் எவ்வளவு என்று தெரிந்தால் நல்லது, ஈரம் குறைந்தால் நூல் அறுகிறதே என்றார். அதையும் செய்தேன். ஒவ்வொரு தடவையும், "இந்த ஒண்ணு மட்டுமுங்க மாப்ள."

கடைசியில் வந்தது பாஸ்வேர்டு. கரண்ட் போய் வந்தாலோ, சில மணி நேரம் சும்மா விட்டாலோ டிவி பழையபடி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். மாமனார் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவார். ஒன்று தப்பினால் முதலிலிருந்து. நான் மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பேன், கீழேயிருந்து குரல் வரும். "மாப்ள, மறுபடியும் கேக்குதுங்க." இறங்கி ஓடுவேன். அவர் உடம்பை விசாரிக்க ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்த சொந்தக்காரர்கள் வரிசையாக சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதிரில் டிவி நீ யார் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். "நம்மூட்டு டிவி நம்மளையே யாருன்னு கேக்குதுங்களே மாப்ள" என்று சிரிப்பார். அதில் துளி குத்தல் இருக்காது. இருந்திருந்தாலாவது பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆக, எனக்கும் பெங்களூருக்கும் நடுவில் நின்றது இந்தப் பாஸ்வேர்டு ஒன்றுதான். இதை ஒழித்துவிட்டால் நான் இல்லாமலே டிவி ஓடும், திங்கட்கிழமை ஆபீஸில் என் நாற்காலியில் உட்காரலாம். கடிதத்தில் கெடு வைத்த திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மில் ஆபீஸுக்குப் போனேன்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. டிவிக்கும் அந்தப் புரோகிராமுக்கும் நடுவில் வெப் சர்வர் என்று இன்னொரு புரோகிராம் வாட்ச்மேன் மாதிரி நிற்கும். வருகிறவர் இந்த வீட்டிலிருந்தோ மில்லிலிருந்தோ வந்தால், ஒன்றும் கேட்காதே, 'கெஸ்ட்' என்று நீயே பெயர் போட்டு உள்ளே அனுப்பு என்று அந்த வாட்ச்மேனுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கல்யாணத்தில் பந்திக்கு வருகிறவரை நீங்கள் எந்த ஊர் என்று கேட்காமல் உட்கார வைப்பார்கள் அல்லவா, அதே வழிதான். உள்ளே போன கெஸ்ட் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. வெளியிலிருந்து எவனாவது நான்தான் முதலாளி என்று தானே பெயர் எழுதிக்கொண்டு வந்தால், அந்தப் பெயரை அழித்துவிட வேண்டும். இதையெல்லாம் எழுதி வெப் சர்வரை மறுபடி ஓடவிட்டேன். பக்கத்தைத் திறந்தால் ஒரு கேள்வி இல்லாமல் பச்சைக் கட்டங்கள் வந்து நின்றன. அப்பாடா என்று இருந்தது.

அப்புறம் ஒரு கட்டத்தின் தலைப்பை மாற்றலாம் என்று போனால், என்னையும் கெஸ்ட் என்கிறது! நான் கட்டினது, எனக்கே பார்க்க மட்டும்தான் உரிமை. வெளியேறு என்ற பொத்தானை அழுத்தினேன். வெளியே தள்ளிய அடுத்த நொடி வாட்ச்மேன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து மறுபடி கெஸ்ட் ஆக்கிவிட்டான். திரும்ப அழுத்தினேன், திரும்ப அதே கூத்து. வெளியே போகவும் முடியவில்லை, உள்ளே உருப்படியாக ஒன்று செய்யவும் முடியவில்லை. பெயர் கேட்கும் பக்கத்தையே நான் இல்லாமல் பண்ணியிருந்தேன். வந்ததே எனக்கு ஒரு கோபம், மேஜையைக் குத்தினேன்.

சத்தம் கேட்டு மில் மேனேஜர் இளநீரோடு வந்து நின்றார். "உடுங்க மாப்ள, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? நம்ம எலக்ட்ரீசியனக் கூப்புடட்டுங்களா?"

எலக்ட்ரீசியன் வந்து என்ன செய்வார் பாவம்! இளநீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். வேறொரு முகவரியில் எனக்கென்று தனி வாசல் ஒன்று வைத்து, அங்கே மட்டும் வாட்ச்மேன் பெயர் போடக் கூடாது, பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்று எழுதினேன். பெங்களூரிலிருந்தும் அந்த வாசல் வழியாக வரலாம். எந்தக் கோளாறையும் அங்கிருந்தே சரி செய்யலாம். இனி யாரும் ஒரு சாக்கும் சொல்ல முடியாது. மில்லை விட்டு வெளியே வந்தபோது விசில் அடித்துக்கொண்டு வந்தேன் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்முன் ஹாலில் டிவியை அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினேன். ஒன்றும் கேட்காமல் மில் மொத்தமும் வந்து நின்றது. "அருமைங்க மாப்ள!" என்று மாமனார் கைதட்டினார். "எம் மாப்ளைக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குதுங்களா?" என்று மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். சாப்பிடும்போது விஷயத்தை உடைப்பதாக நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். நான் ஆரம்பிக்க வேண்டும், அவள் முடிக்க வேண்டும்.

சாதத்தைப் பிசைந்துகொண்டே நான் ஆரம்பித்தேன். "மாமா, இனி நான் இல்லீனாலும் இது பாட்டுக்கு ஓடுமுங்க."

மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். அவள் என் இலையைப் பார்த்து ஊற்றினாள், அப்பாவின் இலையைப் பார்த்து ஊற்றினாள், பாத்திரத்தை அடுக்களையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"அதான் பாக்கறேனுங்களே" என்றார் மாமனார். "இதே மாதிரி நம்ம கோழிப்பண்ணையும் இதுல தெரிஞ்சா நல்லா இருக்குமுங்க. இந்த ஒண்ணு மட்டுமுங்க மாப்ள."

அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு கட்டம் சிவப்பானது. பேச்சை மாற்றக் கிடைத்த வழி என்று, "மாமா, நாலாவது மெஷின் நின்னுபோச்சுங்க" என்றேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பெல்ட் மாத்துவாங்க மாப்ள. காலைல ஆறு மணிக்கே மேனேஜர் போன்ல சொல்லிப்போட்டாருங்க."

"தெனமும் சொல்லுவாருங்களா?"

"மில்லு ஆரம்பிச்ச நாள்லருந்து சொல்றாருங்களே!"

ஹாலில் காலியாகக் கிடந்த அவருடைய நாற்காலியைப் பார்த்தேன். அவர் எந்நேரமும் உட்காரும் அந்த நாற்காலி டிவியைப் பார்த்துப் போடப்படவில்லை, வாசல் கேட்டைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் போய்வந்துகொண்டிருந்தேன், ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

மாடியில் எங்கள் அறையில் மனைவி கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"உங்கப்பாவுக்கு எதுக்கு அந்த டிவி?"

"பாக்கறதுக்குத்தான்."

"அவரு அதைப் பாக்கறதே இல்ல. எல்லாத்தையும் மேனேஜர் போன்ல சொல்லிடறாரு. அப்பறம் எதுக்கு நான் நாய் மாதிரி மில்லுக்கும் வீட்டுக்கும் ஓடிட்டிருந்தேன்?"

"மெதுவாப் பேசுங்க, அம்மாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

அவள் மடித்த துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நான்தாங்க சொன்னேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

"அவருக்கு ஏதாச்சும் ஒரு வேலை சொல்லுங்கப்பா, இல்லீனா கெளம்பிருவாருன்னு. அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மெஷின் டிவில தெரியோணும்னு கேளுங்க, கரண்டு தெரியோணும்னு கேளுங்க, பாஸ்வேர்டு கேக்குதுன்னு சொல்லுங்கன்னு ஒவ்வொண்ணா நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"கோழிப்பண்ணை?"

"அதுவுந்தான்."

அவமானமாக இருந்தது. அழும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பையைக் கொடுத்து உட்கார வைப்பதுபோல அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் என்னவோ பெரிய நிபுணன் என்று நினைத்து அதைக் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? பெங்களூருக்கு வரலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நீங்க எங்கூட இங்க இருந்திருப்பீங்களா? இல்ல, என்னை இங்க உட்டுப்போட்டுத் தனியாப் போயிருப்பீங்களா? சாமி சத்தியமா சொல்லுங்க."

தனியாகப் போயிருப்பேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாரக்கடைசியில் வந்து போய்க்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன். அந்த வீட்டை விட்டு வெளியே போனால் போதும் என்று அவ்வளவு வெறி பிடித்திருந்தது எனக்கு. அவளும் வருகிறாளா என்று ஒருதடவைகூட நான் கேட்டதில்லை, கடிதத்தைக் காட்டினதோடு சரி. இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் முகத்திலிருந்து அவளே படித்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அப்போதுகூட நான் போயிருக்கலாம். வாசல் கேட் திறந்துதான் இருந்தது, யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் போனால் அவள் நினைத்தது சரி என்று ஆகிவிடும், வாழ்நாள் முழுக்க அவள் பார்வையில் நான் விட்டுவிட்டுப் போனவன்தான். இருந்தாலோ, தினமும் கீழே போய் அந்த ஹாலில் உட்கார வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. அன்று சாயங்காலம் முழுக்க மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன். மாமனார் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி கதவோரம் நின்று பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து கோழிப்பண்ணையப் பத்திச் சொன்னனுங்களே மாப்ள" என்றார். "ஒண்ணும் அவசரமில்லீங்க. உங்களுக்கு ஆபீஸ் வேலை இருக்குமுங்க."

"இல்லீங்க மாமா" என்றேன். "ஆபீஸ் வேலையை விட்டுட்டேனுங்க. இன்னைக்கே ஆரம்பிச்சுடலாமுங்க."

மனைவியின் கையில் நார் அப்படியே நின்றது. மாமனார் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, என்னைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது என்று தெரிந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அம்மணி" என்றார் மகளிடம், "மாப்ளைக்குக் காப்பி கொண்டா கண்ணு."