தெருவில் கேட்ட மன்னிப்பு

அப்போது நான் தாம்பரம் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர். செயின் பறிப்பு வழக்கில், செம்பாக்கத்தில் ஒரு வெல்டரைத் தெருவே பார்க்கச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். பறிப்பு நடந்த நேரத்தில் அவர் திருமுடிவாக்கத்தில் வேலையில் இருந்தது மதியம் கேமராப் பதிவில் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் மேடம் அவரிடம், "தப்பு எங்க மேலதான், மன்னிச்சிடுங்க" என்றார்.

"இங்க சொன்னா இன்னா மேடம் ஆவப்போவுது? தெருவே பாத்துக்கினு இருந்துச்சு. அங்க வந்து சொல்லுங்க."

மேடம் உடனே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் பின்னால் போனேன். அந்தத் தெருவில் அக்கம்பக்கத்தாரை அழைத்து, "இவர் மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என் ஸ்டேஷனோடது. நான்தான் பொறுப்பு" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெல்டரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் தூக்கமில்லாமல் தவித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்று நானும் இன்ஸ்பெக்டர். என் ஆட்கள் யாரையாவது விசாரணைக்குக் கூட்டிவந்தால், அவர்தான் செய்தாரா என்று உறுதியாகத் தெரியும்வரை என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை.