மூன்று இளநீர்

காலை 5.50. என் கணவர் கட்டிலில் விழித்தபடி கிடந்தார். "காலைத் தூக்க ஏலாமல் கிடக்கு," என்றார். கைவிரல்களும் மடங்கவில்லை.

அன்று ஊரடங்கின் நான்காம் நாள். அவருக்குச் சிறுநீரகம் பழுது. கிளினிக்குக்குப் போக வழியில்லை. சிறுநீர் குறைந்ததைச் சூடு என்று நினைத்து, நாளுக்கு மூன்று இளநீர் கொடுத்து வந்தேன்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாதி வேலிப்பொட்டு இடைவெளியால் நுழைந்து வந்து நாடி பிடித்தார். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

"என்ன பிள்ளை குடுத்தனீர்?"

"இளநிதான் அக்கா, குளிர்ச்சிக்கு."

"உது இவருக்கு நஞ்செல்லே!"

"வெட்டித் தந்தது இவதான், எழுதி வையுங்கோ," என்று என் கணவர் கிடந்தபடியே சிரிக்கப் பார்த்தார்.

ஊரடங்கு பதினொரு மணிக்குத்தான் தளரும். ஆஸ்பத்திரி மூன்று மைல். அதுவரை நாடியை எண்ணிக்கொண்டிருந்தோம். கடைசியில் முப்பத்திரண்டு.

டிராக்டர் பெட்டியில் கொண்டுபோனோம். இளநீரில் உள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது, அது இரத்தத்தில் கூடினால் இதயம் நின்றுவிடும் என்றார் டொக்டர். மருந்து ஏற்றிய பின், மாலையில் கால் அசைந்தது.

இப்போது டொக்டரைக் கேட்காமல் அவருக்கு எதையும் குடிக்கக் கொடுப்பதில்லை.

அவர் வீடு திரும்பிய அன்று எட்டுப் பேர் பார்க்க வந்தார்கள். ஆறு பேர் இளநீர் கொண்டுவந்திருந்தார்கள்.