குப்பை லொறி திரும்பும் இடம்

எங்கள் வண்டியை எல்லோரும் கரவன் என்றுதான் சொன்னார்கள். எத்தனை தரம் திருத்துவது? கரவன் என்பது காருக்குப் பின்னால் இழுபட்டுப் போவது. எங்களுடையது தானே ஓடும். அமெரிக்காவில் செய்த மோட்டார் ஹோம். உள்ளே குசினி, குளியலறை, கட்டில், கடைசியில் கதவு சாத்தக்கூடிய தனி அறை ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் பஸ்ஸைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டிருந்தால் நீளத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

மனோர் பார்க்கில் எங்கள் தெருவில் அதை நிறுத்தினால் அயலவர்களின் வாசல்கள் மறைந்துவிடும். ஆகவே வடக்கு லண்டனின் எட்மண்டனில் ஒரு கூட்டாளி மரம் விற்கும் மரக்காலையின் முற்றத்தில் விட்டிருந்தேன். கோயில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யவும் வழியில்லை. ஐயர்தான் எட்மண்டன் வரை வந்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, அதன் நீளத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போனார். சனம் சும்மா இருக்குமா? "வேலையிலை பஸ் ஓட்டி ஆசை தீரேல்லைப் போல, லீவிலையும் ஓட்டப் போறார்" என்று பகிடி விட்டார்கள். விட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

நான் அதை வாங்கியது ஆசைக்கு அல்ல. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தியிருந்தார்கள். நாளுக்கு நான்கு தடவை பழைய நீரை வடிய விட்டு, பையிலிருந்து புதிய மருந்து நீரை உள்ளே இறக்க வேண்டும். அதை அவளே செய்வாள். அதற்குக் கதவு யன்னல் சாத்திய, காற்று அடிக்காத, துப்புரவான அறை வேண்டும். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவத் தண்ணீர் வேண்டும். பையைச் சூடாக்க மின்சாரம் வேண்டும். பைகள் அடுக்கிய பெட்டிகளை வைக்க இடம் வேண்டும். இவை எல்லாம் இருந்தால் எங்கேயும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். சொல்ல அவருக்கு என்ன, எங்கே போவது? வருடக்கணக்காக அவள் எங்கள் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறோரிடத்தில் படுத்து எழும்பியதில்லை.

அதைவிட அவளை வாட்டியது வேறொன்று. எங்கள் ஆட்களுக்கு வருத்தம் பார்க்கப் போவது, அதாவது நோயாளியை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, ஒரு கடமை. சனி ஞாயிறு என்றால் வரவேற்பறை நிறைந்துவிடும். திராட்சைப் பழம், அவளுக்கு ஆகாத சத்துமா அடைத்த தகரப் பேணி, "இப்ப எப்பிடி?" என்ற கேள்வி, போகும்போது ஒரு "பாவம்." எல்லாம் அன்புதான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒருநாள் எல்லோரும் போனபிறகு அவள் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, ஒரு நாளெண்டாலும் நான் வருத்தக்காரியா இல்லாமல் ஒரு இடத்திலை எழும்ப வேணும்."

அதற்காகத்தான் அந்த வண்டி.

முதல் பயணத்துக்கு இடம் பிடித்தவன் நான். கென்ட் பக்கம், விடுமுறைக்கு வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஒரு முகாம் மைதானம். பெரிய வண்டி என்று தொலைபேசியில் தெளிவாகச் சொன்னேன். "எவ்வளவு பெரிதென்றாலும் கொண்டு வா" என்றான் மைதானத்துக்காரன். போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு கல்தூண்கள். பக்கக் கண்ணாடிகளை மடக்கினாலும் உள்ளே போகாது. அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். இன்றைக்கும் அந்த மனிதன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இரண்டு பக்கமும் பற்றை வளர்ந்த ஒழுங்கையில், பின்னால் நின்ற ட்ராக்டர்காரன் கத்தக் கத்த, வந்த வழியெல்லாம் ரிவர்ஸில் வந்தேன். அதற்குள் அவளுக்குப் பை மாற்றும் நேரமாகிவிட்டது. பெருந்தெரு ஓரத்தில் நிறுத்தினேன். லொறிகள் பக்கத்தால் இரைந்துகொண்டு போக, அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையை முடித்தாள்.

அவள் வெளியே வந்தபோது நான் ஸ்டியரிங்கில் கையால் குத்திக்கொண்டிருந்தேன்.

"வாசலைப் பற்றி அந்தாளிட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள்.

"பெரிய வண்டி எண்டு சொன்னனான்."

"அந்தாளுக்குப் பெரிசு எண்டா எவ்வளவு பெரிசு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

வண்டியை எடுத்தேன். எட்மண்டன் வந்து சேரும்போது அவள் முடிவே எடுத்துவிட்டாள். "இனி நான் கேக்கிறன்" என்றாள்.

வருத்தம் வரும் முன்பு அவள் கவுன்சிலில் தொலைபேசிப் பகுதியில் வேலை செய்தவள். ஊர்ச் சனத்தின் முறைப்பாடெல்லாம் அவள் காதுக்குத்தான் முதலில் வரும். தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, குப்பை லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. இந்தக் கடைசி முறைப்பாட்டை அவள் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பாளோ தெரியாது. எந்த ஒழுங்கைக்குள் லொறி போகும், எந்த மூலையில் திரும்ப ஏலாமல் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அந்தக் கதிரையில் இருந்தபடியே அத்துப்படி.

பை மாற்ற அரை மணித்தியாலம் பிடிக்கும். மூச்சுக்காற்றால் கிருமி பட்டுவிடும் என்று, குழாயைப் பொருத்தும்வரை அவள் வாய் திறக்கமாட்டாள். பொருத்தி, நீர் வடியத் தொடங்கியதும் தொலைபேசியை மடியில் எடுத்து வைப்பாள். நூலகத்தில் எடுத்த முகாம் மைதானக் கையேடு ஒன்று பக்கத்தில் விரிந்து கிடக்கும். நீளத்தைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். நீளத்தைச் சொன்னால் எல்லோரும் தாராளமாக இடம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள் என்பது அவள் எண்ணம். காலை வணக்கம் சொல்லி, காலநிலை கேட்டு, பிறகு ஆறுதலாகக் கேட்பாள்: "உங்கள் குப்பையை எடுக்கும் லொறி உள்ளே வருகிறதா, வாசலிலேயே நிற்கிறதா?"

மறுமுனையில் இருப்பவர் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்வார். அப்படியொரு கேள்வியை அவர்கள் எதிர்பார்ப்பார்களா? வாசலில் நிற்கிறது என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவாள். உள்ளே வருகிறது என்றால் அடுத்த கேள்வி: எந்த இடத்தில் திரும்புகிறது? முன்னால் போய்த் திரும்புகிறதா, பின்னுக்கு எடுத்து வெளியே வருகிறதா? லொறியின் கூரையில் மரக்கிளை முட்டுகிறதா? மழை பெய்த கிழமை சில்லுப் புதைந்ததுண்டா? குப்பை லொறி போய்வரும் இடத்துக்கு எங்கள் வண்டியும் போய்வரும். நீளம், அகலம், உயரம், நிலத்தின் உறுதி எல்லாவற்றையும் ஒரு குப்பை லொறியை வைத்தே அளந்துவிட்டாள். இத்தனை வருடம் பஸ் ஓட்டிய எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். என் மண்டைக்குள் தோன்றாததெல்லாம் அவள் மண்டைக்குள் தோன்றும்; அதில் எனக்குப் பெருமையே தவிர வெட்கமில்லை.

ஒருவன் இடம் இருக்கிறது என்றான், லொறி திரும்பும் என்றான், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் பெயரைக் கேட்டான். எங்கள் பெயரைக் கேட்டதும் அவனுடைய மைதானம் திடீரென்று நிறைந்துவிட்டது. தா அந்த போனை, நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"விடுங்கோ. அந்தாளின்ரை வாசல் எங்களுக்கு ஒடுக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைச் சுழற்றினாள்.

கடைசியில் எசெக்ஸ் கடற்கரையில் ஒரு இடம் அகப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வாசல் அகலமாக இருந்தது. பாதை புதையாத கெட்டித் தரையாக இருந்தது. மரங்கள் எல்லாம் பாதையை விட்டுத் தள்ளி நின்றன. மைதானப் பொறுப்பாளர் றப்பர் சப்பாத்தும் பெரிய மீசையுமாக வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. "குப்பை லொறி பற்றிக் கேட்ட அம்மா எங்கே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவள் இறங்கி வந்தாள். தான் அந்த லொறியின் பின்னால் நடந்துபோய்ப் பார்த்ததாக அவர் அவளிடம் சொன்னார். பிறகு அவளே வண்டிக்குப் பின்னால் போய் நின்று கையைக் காட்டினாள்.

"விடுங்கோ... இன்னும் விடுங்கோ... காணும்!"

எனக்கு ஆள் நின்று கைகாட்டத் தேவையில்லை, நான் பஸ்காரன். ஆனாலும் போதுமென்று அவள் "காணும்" சொன்ன இடத்திலேயே நிறுத்தினேன். வண்டி அந்த இடத்துக்குள் அளவாகப் பொருந்தி நின்றது.

சனிக்கிழமை காலை நான் கண்விழித்தபோது அவள் முன்சீற்றில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய அழகான கடல் என்று சொல்ல மாட்டேன். சேறும் நாணலும் தூரத்தில் கொஞ்சத் தண்ணீரும்தான். முதல் பையை மாற்றி முடித்திருந்தாள். "ஒருத்தரும் இப்ப எப்பிடி எண்டு கேக்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் இரண்டு மோட்டார் ஹோம் வாங்கியிருப்பேன்.

மத்தியானம் மூன்று கார்களும் ஒரு வானும் மைதானத்துக்குள் வந்தன.

மோர்டனில் இருக்கும் என் அண்ணைக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். கூடப் பிறந்தவரிடம் சொல்லாமல் ஊர் விட்டுப் போகலாமா? அவர் யார் யாருக்குச் சொன்னாரோ. வருத்தக்காரியைத் தனியே ஒரு வெட்டவெளியில் விடுவதா என்று எல்லோருமாகக் கிளம்பி வந்துவிட்டார்கள். சோற்றுப் பானை, கறிச்சட்டிகள், மடக்குக் கதிரைகள், முன்னுக்கு அண்ணியின் கையில் சத்துமாப் பேணி. ஓரிடத்துக்கு ஒரு வாகனம்தான் என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மீசைக்காரர் எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். ஒன்று, எங்களை வெளியே போகச் சொல்லப்போகிறார்கள்; இல்லாவிட்டால் இந்தச் சனம் அவளைத் திரும்பவும் கட்டிலில் கிடத்தப்போகிறது. அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு நாள், அதையும் என் வாயால் கெடுத்துவிட்டேனே என்று நின்றேன்.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அண்ணை, காரை இதிலை விடாதேங்கோ. வேலிக்கு அங்காலை ஒரு வெளி இருக்கு, எல்லாரும் அங்கை விடுங்கோ. விடலாம் எண்டு இவர் சொன்னவர்." மீசைக்காரர் தலையாட்டினார். தொலைபேசியிலேயே அவள் அதையும் கேட்டு வைத்திருக்கிறாள்!

நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன். "எங்கட சனத்தை எனக்குத் தெரியாதே?" என்றாள்.

பிறகு நடந்ததை எல்லாம் நான் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். வந்தவர்களை நிழலில் இருத்தினாள். தேத்தண்ணி போட்டாள். பேணியை அண்ணியின் கையிலிருந்து வாங்கி மூலையில் வைத்துவிட்டு, வடைத் தட்டை அவரிடமே நீட்டினாள். வண்டிக்குள் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பை மாற்றும் நேரம் வந்ததும், "அரை மணித்தியாலம். ஒருத்தரும் போயிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்தினாள். வெளியே அண்ணை மீசைக்காரருக்கு மீன்கறி கொடுத்து அவரைத் தண்ணீர் தேட வைத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்தபோது எல்லோரும் அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டாள். வருத்தம் பார்க்க வந்தவர்கள் விருந்தாடிகளாகிப் போனார்கள்.

பொழுது சாயமுன் புறப்பட்டார்கள். காரில் ஏறப் போன அண்ணி திரும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்தார். வழக்கமாகப் "பாவம்" என்ற சொல் வரும் இடம் அது.

"பிள்ளை, வாற சனிக்கிழமை வீட்டிலை நிப்பியளோ? இல்லாட்டி வேறை எங்கையும் போயிடுவியளோ?"

"இன்னும் யோசிக்கேல்லை அக்கா. ஏன்?"

"வந்து பூட்டின கதவைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது. போன் எடுத்துக் கேட்டுப்போட்டு வாறம்."

அவளுக்கு வருத்தம் வந்த நாளிலிருந்து யாரும் எங்கள் வீட்டுக்குக் கேட்டுவிட்டு வந்ததில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, வருத்தக்காரி வீட்டில்தானே கிடப்பாள். தான் என்ன சொன்னார் என்பது அண்ணிக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கு விளங்கியது. நிமிர்ந்து நின்றாள்.

"ஓம் அக்கா, கேட்டுப்போட்டு வாங்கோ" என்றாள். "நாங்கள் நிப்பமோ தெரியாது."