செவந்தியின் தவில்காரர்

கம்பத்துக்குப் போகும் எங்கள் மாட்டுவண்டி உத்தமபாளையத்தில் நிற்கிறது. கோயில் வாசலில் கூட்டம். மலைமேல் கட்டும் அணையில் வேலைக்குப் போகும் ஆட்கள்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். கரகாட்டக்காரி செவந்திக்கு ஐம்பது வயதிருக்கும். பூச்சுற்றிய கரகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். வெளியூரிலிருந்து வந்த தவில்காரர் வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார்.

"இவரு வாசிப்பு பிடிக்கலையாம்மா?" என்று கேட்கிறேன்.

"நல்லாத்தான் வாசிக்கிறாக ஐயா. என் காலுதான் கேக்க மாட்டேங்குது. பதினஞ்சு வயசுலருந்து எங்க வீட்டுக்காரரு தவிலுக்குத்தான் ஆடிப் பழக்கம்."

"அவரையே கூப்பிடலாமே?"

"அவுகளும் நானும் பேசி ஆறு வருசமாச்சு, நான் ஆடியும்தான். அவுக கீழத்தெருவுல, நான் இங்கன."

ஊர்க்காரர் இருவர் ஓடிப்போய் அவரை அழைத்து வருகிறார்கள். நரைத்த மீசை. மனைவியைப் பார்க்காமலே தவிலை மாட்டிக்கொண்டு அடிக்கத் தொடங்குகிறார். செவந்தி எழுந்து கரகத்தைத் தலையில் ஏற்றுகிறாள். சலங்கை அவர் அடியோடு சேர்ந்துகொள்கிறது. சுழலும்போது அவளுடைய இடது முழங்கால் இலேசாகத் தடுமாறுகிறது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார். தாளத்தின் வேகம் மெல்லக் குறைகிறது.

செவந்தி ஆடியபடியே அவர் பக்கம் திரும்புகிறாள்.

"ஏய்யா, என்னயக் கெழவின்னு நெனச்சீகளா? வேகமா அடிங்க."

"முட்டி வலிக்குமேன்னு பாத்தேன்" என்கிறார் அவர், தவிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது ஆடி முடிச்சப்புறம்ல வலிக்கும்."

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுகிறார்.