பஞ்சமிக்குத் திறக்காத மலை

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கேரவனின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபடியே பழனிச்சாமி மலையோடு பேசிக்கொண்டிருக்கிறார். மலை என்றால் மலையடிவாரக் கேம்பின் காவலாளி ஹஸ்னைன். "பாய், கப் ஓப்பன்?" எனத் திறக்கும் நாளை இவர் கேட்க, "நவம்பர் ஏக். உஸ்கே பஹலே மாஃபி" என்று அந்தப் பெஷாவர்க்காரர் சொல்கிறார். நவம்பர் ஒன்றுக்கு முன்னால் கிடையவே கிடையாது. போன வாரமும் இதையேதான் கேட்டார், அவரும் இதையேதான் சொன்னார். மலையை முடித்துவிட்டுக் கடற்கரைக் கேம்பைப் பிடிப்பார், பிறகு மணல்மேட்டை. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் போனும் கையுமாகத்தான் அவரைப் பார்க்க முடியும்.

ஷார்ஜாவில், பழைய டயர்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் கடைசியில் அந்த யார்டு. கேரவன்களை வாடகைக்கு விடுகிறார்கள். பழனிச்சாமிக்கு அரியலூர்ப் பக்கம். ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிக்கப்பின் வாலில் கேரவனை மாட்டி இழுத்துப் போய், நிறுத்தி, மட்டம் பார்த்து, தண்ணீர் நிரப்பி, கேஸ் மாட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். கேரவனில் வேலை என்று முதல் தடவை ஊருக்குச் சொன்னபோது, எந்த நடிகைக்கு வண்டி ஓட்டுகிறாய் என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள். சினிமாக்காரர்கள் இல்லை, குடும்பத்தோடு காட்டில் போய்த் தங்குகிறவர்கள் என்று சொல்லிப் பார்த்தார். வீடு வாசல் இருக்கிறவன் எதற்கடா காட்டில் போய்ப் படுக்கிறான் என்று அடுத்த கேள்வி வந்தது.

அக்டோபர்தான் அவருக்குத் தலைவலி மாதம். வெயில் லேசாகத் தணிந்ததுமே குடும்பங்களுக்குக் கால் நிற்காது. கேம்புகளோ ஒரே நாளில் திறப்பதில்லை. கோடையில் மூடிய மலை நவம்பர் வரை மூடித்தான் கிடக்கும், கடற்கரை ஒரு வாரம் திறந்து மறு வாரம் சுத்தம் செய்ய மூடும், மணலை யாரும் மூடுவதில்லை, ஆனால் பகலில் அங்கே நிற்க முடியாது. முதலில் மணல், பிறகு கடல், கடைசியில் மலை என்று அவரவர் விடுமுறைக்குத் தக்கபடி பயணத்தைக் கோத்துக் கொடுப்பது பழனிச்சாமி. சுமாராக எப்போது திறப்பார்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "சுமாருன்னு ஒரு தேதி கெடையாது சார். கேட்டுல சங்கிலி எறங்குச்சா, எறங்கலியா? அம்புட்டுதான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்.

அவருடைய தம்பி பாலகுருவும் இதே யார்டில்தான் வேலை பார்த்தான். போன வருடம் மலைக் கேம்ப் திறந்த வாரத்தில், பச்சைக் கோடு போட்ட வெள்ளைக் கேரவன் ஒன்றை மேலே கொண்டுபோய் நிறுத்தினான். வாடகைக்காரர்கள் மறுநாள்தான் வருவதாக இருந்தது. வேலையை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் சற்றுக் கண்ணயரலாம் என்று உள்ளே கட்டிலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. தம்பியைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய், காரியத்தை முடித்துவிட்டு வந்தார் பழனிச்சாமி. அந்த வெள்ளைக் கேரவன் அதன்பிறகும் வாடகைக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை மாட்ட வேண்டிய நாளில் மட்டும் இவருக்கு வேறு வேலை வந்துவிடும். "அத நீ புடி" என்று பக்கத்தில் நிற்பவனிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். யார்டில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

சித்திரையில் பாலகுருவின் மனைவி கனகா போன் செய்தாள். "பொட்டியில வந்தவரத்தான் நான் பாத்தேன் மாமா. அவரு இருந்த எடத்தப் பாக்கல. வருசத் திதிக்கு அங்க வந்து, எலை போட்டு ஒரு வாய் சோறு வெக்கணும். அப்பதான் எனக்கு ஆறும்."

பழனிச்சாமி மறுபேச்சுப் பேசவில்லை. பத்துப் பேர் படுக்கிற பேச்சிலர் ரூமில் அவளை எங்கே தங்கவைப்பது? கராமாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து ஜெய்னுலாப்தீனிடம் போய் நின்றார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி மதீனா பீவி முந்திக்கொண்டார். "எங்கூட இருக்கட்டும்ண்ணே. எனக்கும் பேச்சுத் தொணையாச்சு." விசாவை ஜெய்னுலாப்தீனே எடுத்துக் கொடுத்தார். தம்பி போனது நவம்பர் ஆறு, மலை திறப்பது ஒன்று. நவம்பர் முதல் தேதி அவள் வந்து இறங்கும்படி டிக்கெட் போட்டார். ஊரார் பயணத்தையெல்லாம் கோத்துக் கொடுக்கிறவர், தன் வீட்டுப் பயணத்தையும் சரியாகக் கோத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

புரட்டாசிக் கடைசியில் கனகாவின் போன் வந்தது. அவள் டெய்லி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். "மாமா, ஐப்பசி வளர்பிறை பஞ்சமி இந்த வருசம் முன்னாடியே வருதே. அக்டோபர் கடைசிக்குள்ள முடிஞ்சிரும் போலருக்கே."

பழனிச்சாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருடமாக ஆங்கிலத் தேதியிலேயே உண்டு உறங்கியவருக்கு, பஞ்சமி வருடா வருடம் இடம் மாறும் என்பது மறந்தே போயிருந்தது. ஆறாம் தேதியே வைத்துக்கொள்ளலாமே தாயி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"அவருக்கு இங்கிலீசு தேதி எதுக்கு மாமா? திதியிலதான வருவாரு?"

டிக்கெட்டை முன்னால் தள்ளிவிட்டார். மலையின் சங்கிலியை எப்படித் தள்ளுவது? ஹஸ்னைனிடம் கெஞ்சினார். தேதியை மட்டுமே கேட்டுப் பழகிய வாய்க்குக் கெஞ்சத் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஹஸ்னைன், "பாலு மேரா பீ பாய் தா" என்றார். அவன் எனக்கும் தம்பிதான். ஆனால் கேட்டில் கேமரா இருக்கிறது, சங்கிலியை அவிழ்த்தால் வேலை போய்விடும். சங்கிலிக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொள், பொழுது சாயும்வரை ஒன்றும் சொல்ல மாட்டேன். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கனகா வந்து இறங்கியதும் பழனிச்சாமி கராமாவுக்குப் போய், குனிந்த தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னார். மலைக்குப் போகலாம், இடத்துக்குப் போக முடியாது.

கனகா அழவில்லை. கேட்டாள். "அவரு படுத்திருந்தது தரையிலயா மாமா, வண்டியிலயா?"

"வண்டியிலதாம்மா."

"அந்த வண்டி இப்ப எங்க இருக்கு?"

இந்தக் கேள்வியை அவர் ஒரு வருடமாக யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிற ஒருத்தி வந்து கேட்டுவிட்டாள். "யார்டுலதான் நிக்குது" என்றார். "அப்ப அதக் கொண்டாங்க மாமா" என்றாள்.

யார்டு முதலாளியான அரபி, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டார். சொன்னதும் சாவிக் கொத்திலிருந்து அந்தச் சாவியைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

பஞ்சமியன்று விடிந்ததிலிருந்தே மதீனா பீவியின் வீடு தண்ணீரும் சோப்புமாக இருந்தது. "என் அடுப்புல மீன் வாசன போவாதும்மா. செத்த இரு, தேச்சுக் கழுவித் தர்றேன்" என்று அடுப்பைத் தேய்த்தார். புதுப் பானை வாங்கி வைத்திருந்தார். கனகா சோறும், சாம்பாரும், வாழைக்காய்ப் பொரியலும், உளுந்து வடையும் செய்தாள். அவருக்கு வடை என்றால் உயிர் என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவள் வந்திறங்கியபின் முதன்முதலாக அழுதாள். மதீனா பீவி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பிக்கப்பின் முன் இருக்கையில் இரண்டு பெண்களும், மடியில் தூக்குவாளிகளும். பின்னால் வெள்ளைக் கேரவன். பழனிச்சாமி பின்பக்கம் காட்டும் கண்ணாடியை அடிக்கடி பார்த்தார். பள்ளம் மேடு வந்த இடத்திலெல்லாம் ஊர்ந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

உச்சிப்பொழுதில் சங்கிலிக்கு முன்னால் போய் நின்றார்கள். வெயில் இன்னும் தணியவில்லை, மலை கறுத்துக் கிடந்தது. ஹஸ்னைன் வந்து கனகாவுக்கு நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். "அந்தத் திருப்பத்துக்கு அந்தாண்ட" என்று பழனிச்சாமி கைநீட்டிக் காட்டினார். கனகா அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு திரும்பி, கேரவனைப் பார்த்தாள்.

பழனிச்சாமி கேரவனைக் கழற்றி நிறுத்தி, நான்கு மூலையிலும் முட்டுக்கால் கொடுத்தார். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். ஒரு மூலை இம்மி தாழ்ந்திருந்தது. யாரும் தங்கப்போகாத வண்டிதான், ஆனாலும் குனிந்து அதைச் சரிசெய்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்தபடி படியில் ஏறினார். கீழே கனகா வாழை இலையை இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள்.

சாவியைத் துவாரத்துக்கு அருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு, விரலை மடக்கிக் கதவை மெல்லத் தட்டிவிட்டு, காத்திருந்தார்.