அச்சா, கை வேலையா

2005இல் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். தபால்தலை சேர்ப்பது என் பைத்தியம். அந்தச் சொல் என் மனைவியுடையது, நானும் மறுத்ததில்லை.

இந்தப் பைத்தியத்துக்கு எனக்கிருந்த ஒரே கூட்டாளி, மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பி கூனிமேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய். என்னைவிட மூத்தவர். அவரிடம் தீப்பெட்டி அளவில் ஓர் அட்டை இருந்தது. நீலக் கடல், நடுவே கலங்கரை விளக்கம், விலை எழுத வேண்டிய மூலையில் வெறும் வெள்ளை. தபால்தலையை அச்சடிப்பதற்கு முன், ஓவியர் கையால் வரைந்து ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி அது என்று சொல்லி மஸ்கட்டில் ஒரு வெள்ளைக்காரர் கொடுத்தாராம். அப்படிப்பட்டவை ஒன்றிரண்டுதான் இருக்கும், அவையும் லேசில் வெளியே வராது. சொன்னது நிஜமா, இல்லை பழைய அச்சுப்படம் எதையோ வெட்டி ஒட்டி பாய் தலையில் கட்டிவிட்டாரா? முப்பது வருஷமாக அவருக்கே தெரியாது.

என்னிடம் பெரிய லென்ஸ் இருந்ததால் இரண்டு நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்தார்.

"பாத்துக்க தம்பி. தண்ணி மட்டும் பட்டுடக் கூடாது."

"நான் என்ன சின்னப் புள்ளையா பாய்?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். லென்ஸில் அச்சுப் புள்ளிகள் தெரியவில்லை. கடல் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் வெளிறியும் இருந்தது. தூரிகைதான் என்று தோன்றும். உடனே, அந்தக் காலத்து நல்ல அச்சும் இப்படித்தானே இருக்கும் என்று தோன்றும். மண்டை காய்ந்தது.

பாத்தியில் தண்ணீர் உப்புக் கட்டும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் ஆபீஸில் ஒரு கருவி உண்டு. அதைத் தேடிக்கொண்டு யார் போவது? விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தால் போதும். எதையும் அப்படியே தெரிந்துகொண்டு பழகிய கை. எப்போது விரலை நாக்கில் தொட்டேன், எப்போது அட்டையின் கடலில் வைத்துத் தேய்த்தேன் என்று எனக்கே தெரியாது. எடுத்துப் பார்த்தால் விரல் நீலமாக இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். அச்சு மை இவ்வளவு சுலபத்தில் கரையாது.

"கை வேலைதான்டி. இங்க வந்து பாரு."

அவள் வந்தாள். விரலை விட்டுவிட்டு அட்டையைப் பார்த்தாள்.

"பாய்கிட்ட என்னா சொல்லப் போறீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கடலில் பட்டாணி அளவுக்கு வெளுத்துக் கிடந்தது.

கையைக் கழுவவில்லை. கழுவினால் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். மதியச் சோற்றை ஸ்பூனால் அள்ளித் தின்றுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தேடிப் பார்த்தேன், உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

கடையில் பாய் மட்டும்தான் இருந்தார். அட்டையை மேசைமேல் வைத்து விரலை நீட்டினேன்.

"கை வேலைதான் பாய். என்னை மன்னிச்சிடுங்க."

என் விரலைப் பிடித்துத் தன் சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். நடுவில் சோப்பு வாங்க ஒரு பெண் வந்தாள், எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

"நானும் எத்தனையோ தடவ விரல நனைச்சிருக்கேன் தம்பி," என்றார். "அது மேல வைக்கறதுக்கு முன்னாடி லுங்கில தொடச்சிடுவேன். தெரிஞ்சிட்டா அப்புறம் அதுல பாக்க என்னா இருக்குது?"

திட்டியிருந்தால் தேவலாம். அட்டையைக் கவரில் போட்டு உள்ளே வைத்தார். அதன்பிறகு அவர் அதை எடுத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை.