ஐயாவின் தூள்பேணி

ஐயாவுக்கென்று இடித்து வைத்த மிளகாய்த்தூளால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என்னைப் பெற்ற ஐயாவுக்கு மலாயாவில் ரயில் கந்தோரில் எழுத்து வேலை. யப்பான்காரன் அங்கே வந்திறங்கிய நேரம், அவருக்கு அனுப்புவதற்காக அம்மா ஒரு பிஸ்கற் தகரப்பேணி நிறையத் தூள் இடித்து வைத்திருந்தாள். எங்கள் உரும்பிராய்ச் செம்மண்ணில் விளைந்த மிளகாய். தூள் செக்கச்செவேலென்று இருந்தது. கப்பல் போகவில்லை. தூள் வீட்டிலேயே தங்கிவிட, நான் அதற்குக் காவலாளி ஆனேன்.

முந்திய முறை மாரியில் அனுப்பிய தூள் ஈரம் ஊறி, கட்டிபட்டு, பூஞ்சணத்தோடு போய்ச் சேர்ந்ததாம். ஐயா அதைக் குறையாக எழுதவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. வானம் வெளித்த போதெல்லாம் தூள் பேணியை விட்டு வெயிலில் காயச் சுளகுக்கு வரும். நான் பூவரசங் கம்போடு கோழிகளுக்கு முன்னால் குந்தியிருக்க வேண்டும். பக்கத்து வளவில் கிளித்தட்டு விளையாடும் சத்தம் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐயாவின் தங்கையான மாமி வந்து தலையில் அடித்துக்கொள்வாள்.

"மச்சாள், உப்பிடிக் காயவிட்டால் சிவப்பு நிக்குமே? கொஞ்சம் ஈரலிப்பும் இருக்கவேணும்."

"பூஞ்சணம் பிடிச்சதை அவர் திரும்பவும் தின்னுறதே?"

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் பெரிய எரிச்சல். ஈரம் கூடினால் தூள் கறுத்தது, ஒரேயடியாகக் காய்ந்தால் வெளிறியது. அடுத்த மிளகாய் பழுத்தபோது பேணிக்குள் இருந்தது மரத்தூள் நிறத்தில் இருந்தது.

அம்மா அதைக் கறிக்குப் போட்டாள். நாங்கள் சோகை பிடித்த மீன்குழம்பு தின்றோம். சனியன் தொலைந்தது என்று நான் கம்பை வேலிக்கு மேலால் எறிந்தேன். அன்றைக்கே உலக்கைச் சத்தம் கேட்டது. புது மிளகாய். இடித்த தூள் நேரே ஐயாவின் பேணிக்குள் போனது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மலாயாவுக்குக் கப்பலே இல்லையாம் அம்மா. பள்ளிக்கூடத்திலை எல்லாரும் கதைக்கினம்."

மாமியாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவளோ உரலில் ஒட்டியிருந்த தூளை வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "நீ போய்க் கம்பை எடுத்துக்கொண்டு வா."

தெரிந்துகொண்டும் எதற்கு இந்தக் கூத்து என்று முணுமுணுத்தபடி வேலிக்கு அப்பால் கம்பைத் தேடினேன். அந்தப் பேணியை வெறுமையாகப் பார்க்க அவளால் ஏலாது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.